சிவப்பு மசி படாத தேதி

திருப்பூரிலிருந்து தாராபுரம். அங்கே பஸ் மாறி கரூர் ரோட்டில் போனால் மூலனூர். வழியெல்லாம் கொறங்காடு. பட்டணத்துக்காரர்களுக்காக ஒரு விளக்கம்: கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் நிலம்தான் கொறங்காடு. உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், அதன் நிழலில் காங்கேயம் மாடு. அது நம்மைப் பார்க்கிற பார்வையில், 'ஏன், இன்னைக்கு ஆபீஸ் இல்லையா?' என்ற விசாரணை தெரிகிறது!

ஊருக்குப் பெருமை பருத்தியும் முருங்கையும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் நடக்கும்.

நான் போனது நவம்பர் கடைசி வாரம். டீக்கடைச் சுவரில் தினசரி காலண்டர். பனியன் கம்பெனி வேனுக்குக் காத்திருந்த இரண்டு பையன்கள் டிசம்பர் தாள்களை நுனிவிரலால் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரு செவப்புக்கூட இல்லீங்கண்ணா!"

"ஏழாந் தேதி?" என்றேன்.

"அது கொடி நாளுங்க," என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். "லீவு விடற நாளில்லீங்க. காசு குடுக்கற நாள்."

இதைவிடச் சுருக்கமாக அரசாங்கமே சொன்னதில்லை.

போரில் இறந்த வீரர்களுக்காக அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்கள் விடுமுறை. சனி, ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள்! அதை எண்ணிக் காத்திருப்பவர்களில் பாதிப்பேர் வீட்டுத் தோட்டத்தில் கறி சுடுவதற்காகத்தான். பிரிட்டனில் நவம்பர் 11. அதற்கு லீவு இல்லை, சட்டையில் சிவப்பு பாப்பிப் பூ உண்டு. வெள்ளைக்காரன் இருந்தவரை நம் ஊரிலும் அந்தப் பூதான். 1949 ஆகஸ்ட் 28-ல் பாதுகாப்பு அமைச்சரின் கமிட்டி ஒன்று கூடி, இனி டிசம்பர் 7 என்று முடிவு செய்தது. பூ போய்க் கொடி வந்தது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம்: தரைப்படை, கடற்படை, விமானப்படை. வசூலாகும் பணம் போரில் உயிரிழந்தவர் குடும்பத்துக்கும், ஊனமுற்றவருக்கும், முன்னாள் வீரருக்கும்.

கொடி என்றால் இந்த வட்டாரத்துக்குத் தனியாகப் பாடம் வேண்டாம். 1932 ஜனவரியில் கொடியோடு தடியடி பட்டு உயிர்விட்ட குமரனின் நினைவகம் திருப்பூரிலேயே இருக்கிறது.

இப்போது கலெக்டர் ஆபீஸ்களில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். கொடி நாள் நிதிக்கு மாவட்டத்துக்கு இவ்வளவு என்று இலக்கு உண்டு. ஹெட் கிளார்க் நோட்டும் ரசீதுமாக சீட் சீட்டாக வருவார். அவரைக் கண்டதும் பாத்ரூம் பக்கம் நழுவும் கலையில் நம் ஆட்கள் டாக்டர் பட்டமே வாங்கலாம். "குண்டூசி குத்தினா புதுச் சட்டை ஓட்டையாயிடும் சார்" என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

நாள் எண்ணுவதில் இன்னொரு ரகம் இருக்கிறது. திருச்சி மேஜர் சரவணன் கார்கில் போரில், பட்டாலிக் பகுதியில் 1999 மே 29 அன்று உயிரிழந்தார். சண்டை ஓயாததால் உடலை மீட்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அந்த வீடு நாள் எண்ணியது. ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி, 2020 ஜூனில் கல்வான் மோதலில் இறந்தார். அவருக்கான வீர் சக்ராவை அவர் மனைவிதான் வாங்கிக்கொண்டார். டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் இப்படி 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கல்லில் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வீடு, அதன் சுவரில் ஒரு காலண்டர்.

டிசம்பர் 7-க்கு லீவு விட்டால் என்ன என்று அந்தப் பையன்களில் ஒருவன் கேட்டான். விட்டால் என்ன ஆகும்? காலையில் பட்டிமன்றம், மத்தியானம் 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல்முறையாக' ஒரு படம், சாயந்தரம் தூக்கம். இப்போதாவது ஹெட் கிளார்க் வரும்போது நாம் சீட்டில் அகப்படுகிறோம்.