தரகர் கொண்டுசென்ற விலை

பெங்களூரின் வடபகுதியிலுள்ள வித்யாரண்யபுரத்தில் 14 ஆண்டுப் பழமையுடைய அடுக்ககம் ஒன்றின் தரைத்தள வீடு விற்பனைக்கு வந்திருந்தது. உடைமையாளர் கேட்ட விலை 78 இலட்சம். வாங்க விரும்பியவர் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். 11 ஆண்டுகளாக அந்நகரில் வாடகைக்குக் குடியிருப்பவர். அவருடைய வாடகை வீடு இரண்டாம் மாடியில் இருந்தது, மின்தூக்கி கிடையாது. மூட்டுவலியால் அவருடைய தாயார் தெருவில் கால்வைத்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. தரைத்தளம் என்ற ஒரு சொல்லுக்காகவே அவ்வீட்டைப் பார்க்கச் சென்றார்.

தரகருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தெருமுனை ஜெராக்ஸ் கடையின் பின்பகுதியே அலுவலகம். உடைமையாளர்களிடம் கன்னடம் பேசுவார். வாங்க வருவோரிடம் அவரவர் மொழி. முதல் சந்திப்பில் அவர் கேட்ட முதல் கேள்வி, “பட்ஜெட் எவ்வளவு சார்?” என்பது. சேமிப்பையும் வங்கிக் கடனையும் கூட்டி, முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் கழித்து, “அறுபத்தெட்டு. அதற்கு மேல் முடியாது” என்றார் பேராசிரியர். மருத்துவரிடம் நோயைச் சொல்வதுபோல் மறைக்காமல் சொன்னார்.

பிறகுதான் குறைத்துக் கேட்கும் எண்ணம் பிறந்தது. வீடு ஐந்து மாதங்களாகப் பூட்டிக் கிடந்தது. குளியலறைச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. சங்கத்துக்குச் செலுத்த வேண்டிய பராமரிப்புத் தொகை நிலுவையில் இருந்தது. அதே கட்டடத்தின் மூன்றாம் மாடி வீடு முந்தைய ஆண்டு 67 இலட்சத்துக்குக் கைமாறியதைக் காவலாளி சொன்னார். இவற்றையெல்லாம் ஆய்வுக் கட்டுரைக்குத் தரவு திரட்டுவதுபோல் ஒரு தாளில் வரிசையாக எழுதி, கீழே 62 இலட்சம் என்று குறித்தார். அதற்கும் கீழே இறங்காமைக்கு ஒரு காரணம் உண்டு. அவ்வீட்டுக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 58 இலட்சம். விற்பனை விலை அம்மதிப்பிலிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் தாழ்ந்தால், அந்த வேறுபாட்டுக்கு விற்பவர், வாங்குபவர் இருவருமே வருமான வரியில் பதில் சொல்ல வேண்டிவரும். நம் நாட்டில் பேரத்துக்கு இப்படி ஓர் அடித்தளம் உண்டு; கணக்கில் வராத பணத்தைக் கொண்டு அதன் அடியிலும் சுரங்கம் தோண்டுவோர் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

தாளைப் பார்த்த தரகர் சிரிக்கவில்லை. “அறுபத்திரண்டுன்னு சொன்னா பெரியவர் இனிமே என் போனையே எடுக்கமாட்டார் சார்” என்றார். பேராசிரியர் விடவில்லை. தரகர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று நாளில் மறுமொழி வந்தது: 72. ஒரு வாரம் கழித்து 69; முன்பணம் 2 இலட்சம், 45 நாளில் பதிவு. கூடுதலாகத் தேவைப்பட்ட ஓர் இலட்சத்துக்கு மனைவியின் வளையல் இரண்டு அடகுக் கடைக்குச் சென்றன. 62இல் தொடங்கியதால்தான் 69இல் முடிந்தது என்று பேராசிரியர் நண்பர்களிடம் சற்றுப் பெருமையாகவே சொல்லித் திரிந்தார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வர் வேலை செய்யாத ஒரு முற்பகலில், பக்கத்து நாற்காலியிலிருந்த உடைமையாளர் பேச்சுக்கொடுத்தார். முன்பு வந்த இருவர் அறுபது, அறுபத்தொன்று என்று கேட்டு அவமதித்ததாகவும், பேராசிரியர் மட்டுமே முதலிலேயே மதிப்பான தொகையைச் சொன்னதாகவும் கூறினார். தரகர் வந்து சொன்ன வாசகத்தையும் அப்படியே ஒப்பித்தார்: “அரவத்தாறு கொட்தாரந்தெ.” அறுபத்தாறு கொடுப்பாராம்.

62 பேசப்படவே இல்லை.

கன்னடத்தின் ‘அந்தெ’யும் தமிழின் ‘ஆம்’ விகுதியும் ஒரே பணியைச் செய்பவை. கூற்று தன்னுடையதன்று, பிறர் சொல்லக் கேட்டது என்று அறிவித்து, சொல்பவரைப் பொறுப்பிலிருந்து விலக்கிவைப்பவை. ஆனால் இங்கே பிறர் சொன்னதாகச் சொல்லப்பட்டது பிறர் சொல்லாதது. ‘தூது’ அதிகாரத்தின் முகப்பில் பரிமேலழகர் தூதரை இருவகையாகப் பிரிக்கிறார்: தானே வகுத்துக் கூறுபவர் ஒருவர், கூறியதைக் கூறுபவர் மற்றவர். முன்னவரை அமைச்சருக்கு நிகராக வைக்கிறார். பேராசிரியர் அமர்த்தியதாக எண்ணியது இரண்டாமவரை.

அமெரிக்காவில் வந்த விலைகளை எல்லாம் உடைமையாளரிடம் சேர்ப்பித்தாக வேண்டும் என்பது வீட்டு முகவர்களின் தொழில்நெறி. இங்கே 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் முகவர்களைப் பதிவுசெய்யச் சொல்கிறது. எனினும் அது பதிவுபெற்ற புதுத் திட்டங்களின் விற்பனையைப் பற்றியது. பழைய வீட்டை மறுவிற்பனை செய்யும் ஜெராக்ஸ் கடைத் தரகரை அது பெரும்பாலும் தொடுவதில்லை. இருபக்கமும் ஒவ்வொரு விழுக்காடு பெறும் அவர் யாருடைய ஆள் என்பதற்கு எழுத்தில் விடையில்லை.

தரகுத் தொகைக்காக விலையை ஏற்றினார் என்று ஐயுறுவது எளிது. கணக்கு அதற்கு இடந்தரவில்லை. 4 இலட்சம் கூடினால் இருபக்கமும் சேர்த்து அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 8,000 ரூபாய். பேரம் முறிந்தால் இழப்பதோ ஏறத்தாழ 1,40,000. சிகாகோ பகுதியின் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து லெவிட்டும் சிவர்சனும் 2008இல் வெளியிட்ட ஆய்வும் இத்திசையையே காட்டியது. முகவர்கள் தம் சொந்த வீட்டை விற்கும்போது அதிக நாள் காத்திருந்து அதிக விலை பெறுகிறார்கள். வாடிக்கையாளரின் வீடென்றால் விரைவில் முடிக்கவே விரும்புகிறார்கள். தரகர் விலையின் பக்கமும் இல்லை, விலைக்குறைப்பின் பக்கமும் இல்லை. முடிவதன் பக்கம் இருக்கிறார்.

62 உரைக்கப்பட்டிருந்தால் 66இல் முடிந்திருக்குமா, கதவே மூடியிருக்குமா? வளையல்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் பேராசிரியருக்கு இக்கேள்வி திரும்பி வந்தது. கடைசியில் தரகரிடமே கேட்டார்.

“நீங்கதானே சார் முதல் நாளே அறுபத்தெட்டுன்னீங்க” என்றார் தரகர். “அதை நான் அவர்கிட்ட சொன்னேனா?”

மடித்த தாள் இன்னும் அவரிடம் இருந்தது. அதிலிருந்து இரண்டு செய்திகளை மட்டும் கொண்டுசென்றிருக்கிறார்: கடன் ஒப்புதல் தயாராக இருக்கிறது, நிலுவைத் தொகையை வாங்குபவரே கட்டிவிடுவார். இரண்டாவது, தாளில் எழுதியிருந்ததற்கு நேர்மாறானது. ஓதத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “அந்த அம்மா கடைசி வரைக்கும் இருந்த வீடு சார். போன வருஷம்தான் தவறினாங்க. செவுரு ஈரமா இருக்குன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?” என்றார்.

பேராசிரியர் தரவேண்டிய தரகு 69,000 ரூபாய். பத்தாயிரம் குறைத்துத் தரலாமென்று மனைவி சொல்லியனுப்பியிருந்தார். ஜெராக்ஸ் கடையின் பின்பகுதியில் இருவர் மட்டுமே இருந்தார்கள். அதை எடுத்துச் சொல்ல இடையில் ஆளில்லை. பேராசிரியர் முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தார்.