பந்தயப் பாடம்

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலை ஓதியோர் அறிவர். உண்ணத் தக்கவை, தகாதவை பற்றிய பாடத்துக்கும் சத்தியங்கள் பற்றிய பாடத்துக்கும் நடுவே சிறியதொரு பாடம் உண்டு. பந்தய ஓட்டமும் அம்பெய்தலும் பற்றியது அது. இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களுக்கு முன் இத்துறையைத் தனி நூற்பாடமாக வகுத்தவர் எவருமில்லை என்று அவர்தம் மாணாக்கர் முஸனீ (ரஹ்) கூறியதைப் பிற்கால விரிவுரையாளர்கள் பெருமையோடு எடுத்துரைக்கின்றனர். ஆயினும் நம் மதரஸாக்களில் அப்பாடம் விரைந்தே கடக்கப்படும். குதிரை எங்கே, ஒட்டகம் எங்கே, வில்தான் எங்கே என்று உஸ்தாதும் மாணவரும் ஒருமனப்பட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவது வழக்கம்.

ஏட்டில் மட்டுமே கண்டிருந்த அப்பாடத்தைச் சாலையில் கண்டது 2023 அக்டோபர் 8ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எச்.சி.எல். நிறுவனத்தின் ஆதரவில், இந்திய மிதிவண்டிக் கூட்டமைப்பின் துணையோடு 'சைக்ளோத்தான்' என்னும் சைக்கிள் பந்தயம் நடைபெற்றது. கானத்தூர் மாயாஜால் திரையரங்கருகே தொடக்கம். தொழில்முறை வீரர்களுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. பொழுதுபோக்காக ஓட்டுவோருக்கு அதில் பாதிக்கும் குறைவு. நம் இல்லம் திருப்போரூரில். பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய மிதிவண்டியில் பள்ளி சென்றுவரும் நம் இளைய மகள் இச்செய்தியை எங்கிருந்தோ அறிந்துவந்து, பத்து நாள்களாக வீட்டாரை விடாமல் நச்சரித்தாள். ரபீவுல் அவ்வல் மாதம். கோவளத்தில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்காவுக்குச் சென்று ஸலாம் உரைக்க வேண்டும் என்று நம் மனைவியாரும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு எண்ணமும் ஒரே வழியில் அமைந்தன. பஜ்ரு தொழுகை முடிந்ததும், மகனையும் சேர்த்து நால்வர், ஓர் ஆட்டோவில் கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சென்று சேர்ந்தோம். கையில் ஒரு தூக்குச் சட்டி நிறைய இட்லி.

சாலையோரம் மீன்கூடையோடு நின்ற பெண்கள், லுங்கியை மடித்துக் கட்டிய இளைஞர், தர்காவுக்கு வந்த வெளியூர்க் குடும்பங்கள் என ஒரு சிறு கூட்டம். வழக்கமாக விரையும் கார்கள் ஒன்றும் இல்லை. கடலின் ஓசை சாலைவரை கேட்டது. அவ்வூருக்கு அடிக்கடி சென்று வந்தும் நடுச்சாலையில் நின்று அவ்வோசையைக் கேட்டதில்லை என்று மனைவியார் வியந்தார். பின்பு காவல்துறை வண்டி ஒன்று கடந்தது. அதற்குப் பின்னே மழை வருவது போன்ற ஓர் இரைச்சல். வீரர்கள் வந்தனர், வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இத்தனை நேரம் காத்திருந்தது இந்த அரை நிமிடத்துக்கா என்றான் மகன். திரும்பி வருவார்கள், அப்போது நன்றாகப் பார் என்றோம்.

அவர்கள்தம் உடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காற்று பிடிக்காதிருக்க உடலோடு ஒட்டித் தைத்த காற்சட்டை அது. மனைவியார் முதற்கூட்டம் வந்தபோதே இட்லிச் சட்டியின் மூடியைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டார். ஆணுக்கும் தொடை மறைக்கப்பட வேண்டியதே என்பது நம் மத்ஹபின் தீர்ப்பு. துணி இருந்தது, ஆனால் வடிவும் தெரிந்தது. இதில் நாம் வீரர்களுக்குப் பரிந்து பேச முன்வரவில்லை.

இரண்டாம் முறை அவர்கள் வந்தபோது உற்று நோக்கினோம். ஒருவர் பின் ஒருவராய், முன்னவரின் பின்சக்கரத்துக்கும் பின்னவரின் முன்சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் அதிகம் என்னும்படி ஒட்டியே சென்றனர். முதலில் சென்றவர் சற்று நேரத்தில் ஓரமாக விலகிப் பின்னுக்கு வர, அடுத்தவர் முன்னே சென்றார். அவ்வேகத்தில் சைக்கிள் ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதியை விழுங்குவது காற்று. முன்னே செல்பவர் அதனைப் பிளந்து கொடுக்கிறார். பின்னே வருபவர் அந்த மறைவில் வலிமையைச் சேமிக்கிறார். 121 வீரர்கள் கொண்ட பெருங்கூட்டத்தை வைத்து நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் கணக்கிட்டனர். தனியே செல்பவர் தாங்கும் காற்றுத்தடை நூறு பங்கு என்றால், கூட்டத்தின் நடுப்பின்பகுதியில் செல்பவருக்கு அது ஐந்து முதல் பத்துப் பங்கே.

அப்போது நமக்கு அரபுக் குதிரைப் பந்தயச் சொற்கள் நினைவுக்கு வந்தன. பந்தயத்தில் ஓடும் பத்துக் குதிரைகளுக்கும் வரிசைப்படி பெயர் வைத்தவர்கள் அரபியர். முதலாவது 'முஜல்லீ'. கடைசியாக வருவது 'ஸுக்கைத்'. இரண்டாவதாக வருவதற்கு என்ன பெயர் என்று பிள்ளைகளைக் கேட்டோம். தெரியவில்லை. 'முஸல்லீ' என்றோம். இருவரும் நம்மைத் திரும்பிப் பார்த்தனர். தொழுகையாளியைக் குறிக்கும் அதே சொல்தான். குதிரையின் வாலடிக்கு இருபுறமும் உள்ள இடத்துக்கு 'ஸலா' என்று பெயர். முன்னே ஓடும் குதிரையின் 'ஸலா'வில் தன் தலை படும்படி நெருங்கி ஓடுவதால் இரண்டாம் குதிரை முஸல்லீ ஆயிற்று. தொழுகையின் பெயரே இதிலிருந்து பிறந்தது என்று மொழியறிஞர் சிலர் உரைத்ததுண்டு. துஆ என்னும் பொருளிலிருந்தே வந்தது என்பது பெரும்பாலோர் கொள்கை. நாமும் அப்படியே ஓதினோம். எனினும் முன்னவரை அடியொற்றிச் செல்வதில் ஒரு சிறப்பைக் கண்டு அதற்கென ஒரு பெயரும் வைத்த மொழி அது. அலீ (ரலி) அவர்களும், அண்ணலார் (ஸல்) முந்திச் சென்றதையும், அடுத்து அபூபக்ர் (ரலி), மூன்றாவதாக உமர் (ரலி) சென்றதையும் இந்தப் பந்தயச் சொற்களாலேயே குறித்ததாக அறிவிப்பு உண்டு.

தொழில்முறை வீரருக்கு நெடுந்தொலைவு, ஏனையோருக்குக் குறுந்தொலைவு என்ற ஏற்பாடும் நமக்குப் புதிதன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, தீனி அளந்து மெலிவித்துப் பயிற்றிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஉ வரை ஐந்தாறு மைல் வைத்தார்கள். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல். இளைஞரான இப்னு உமர் (ரலி) அதில் கலந்து முந்தி வந்ததையும், குதிரை நில்லாமல் அவரைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலையே தாண்டிப் பாய்ந்ததையும் ஹதீஸ் நூல்களில் காணலாம்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கையில் பெண்கள் பிரிவினர் கடந்தனர். மகள் அவர்கள் சென்ற திசையையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்: "அத்தா, அந்தப் பாடத்தில் பெண்களைப் பற்றி ஒன்றும் இல்லையா?"

இருக்கிறது. பந்தயம் ஆண்களுக்கு ஸுன்னத் என்று எழுதிய நூலாசிரியர்கள் பெண்களைப் பற்றியும் பேசியிருக்கின்றனர். பெண்கள் போர் புரிவோர் அல்லர். ஆதலால் அவர்களுக்குப் பந்தயம் ஆகாது என்றார் ஸைமரீ (ரஹ்). பணயம் வைத்து ஓடுவதையே அவர் தடுத்தார், பொதுவாக அன்று என்று அதற்கு விளக்கம் தந்தார் ஸர்கஷீ (ரஹ்). அவர் காட்டிய சான்று அபூதாவூதில் உள்ள ஹதீஸ்: ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் பெருமானாரோடு ஓடி முந்தினார்கள், பின்னொரு நாள் உடல் பருத்தபின் ஓடியபோது பெருமானார் முந்தினார்கள். நம் மகளுக்கு இந்த விளக்கத்தை அப்படியே சொன்னோம். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பரிசுக்கு ஆசைப்படாமல், உடையும் இடமும் ஒழுங்காக அமைந்தால், ஓட்டுவதில் தடையில்லை.

"பரிசு இல்லாவிட்டால் பரவாயில்லை" என்றாள் உடனே. மனைவியார் இடைமறித்தார்: "முதலில் துப்பட்டா சங்கிலியில் சிக்காமல் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும். பள்ளிக்கூடம் போய்வரும் வழியில் மணல் லாரி எப்படிப் போகிறது என்று நீங்கள் பார்த்தீர்களா?"

மனைவியாரின் கேள்வி எந்த நூலின் கேள்விக்கும் குறைந்ததன்று. அன்று ஓர் அரசு ஆணையால் சாலை வெறுமையாயிற்று. சில மணி நேரத்தில் மறுபடியும் பேருந்தும் காரும் நிறைந்துவிட்டன. வீரர்களுக்குக் கிடைத்த சாலை மாணவிகளுக்குக் கிடைப்பதில்லை. இந்நாட்டில் மிதிவண்டி பெண்ணுக்கு விளையாட்டுப் பொருளாக வந்ததன்று என்பதையும் நினைவுகூர வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு இணைந்து ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றனர். கட்டுப்பாடு மிக்க குடும்பங்களைச் சேர்ந்த முஸ்லிம் இளம்பெண்களும் அதில் முன்னின்றதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பேருந்துக்குக் காத்திராமல், யாரையும் எதிர்பாராமல் வேலைக்கும் சந்தைக்கும் போகலாம் என்பதே அவர்களுக்கு அது தந்த பயன்.

ஆப்கானிஸ்தானின் ஃபர்யாப் மாகாணத்துச் சகோதரியர் இருவரின் கதையையும் அன்று தர்கா நிழலில் அமர்ந்து மகளுக்குக் கூறினோம். ஃபரீபா ஹாஷிமி, யுல்தூஸ் ஹாஷிமி என்பது அவர்கள் பெயர். ஊராரும் வீட்டாரும் அறியாதிருக்க முகம் மறைத்து, வேறு பெயர் கொடுத்து முதற்பந்தயத்தில் ஓட்டியவர்கள். 2021இல் ஆட்சி மாறியதும் நாட்டை விட்டு இத்தாலிக்குச் சென்றனர். 2022 அக்டோபரில் ஆப்கன் பெண்களுக்கான தேசியப் பந்தயம் அவர்கள் நாட்டில் நடக்க வழியின்றி, சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்தது. ஃபரீபா முதலாவது. யுல்தூஸ் இரண்டாவது. "அக்கா தங்கையில் ஒருவர் முஸல்லீ" என்றாள் மகள். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இருவரும் கலந்துகொண்டனர். அவர்கள் உடை நம் ஃபத்வாவுக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. மறைந்து ஓட்ட வேண்டிய நிலை ஒரு பெண்ணுக்கு ஏன் வந்தது என்பதற்கு, ஆயிஷா நாயகியின் ஹதீஸை ஓதிக்கொடுக்கும் நம்மைப் போன்றோரும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்களே.

வீடு திரும்பியபின் மனைவியாரோடு கலந்து முடிவு செய்தோம். ஞாயிறு தோறும் பஜ்ருக்குப் பின், அண்ணன் துணையோடு, லாரி குறைந்த திருப்போரூர் – நெம்மேலிச் சாலையில் மகள் ஓட்டலாம். தெருவில் இன்னும் இரு பெண்பிள்ளைகள் உடன்வரக் கேட்டுள்ளனர். அவர்தம் அத்தாமார்களிடம் நாமே சென்று பேசினோம். ஒருவர் இசைந்தார். மற்றவர், ஆலிம்ஸாவே இப்படிச் சொல்லலாமா என்று கேட்டார். ஸர்கஷீயின் விளக்கத்தை எடுத்துச் சொன்னோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பரிசுப் பணம் பற்றிய கேள்வி மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றுக்கே பணயம் ஆகும் என்பது ஹதீஸ். போருக்குப் பயன்படுபவை என்ற காரணத்தால் யானையையும் கோவேறு கழுதையையும் நம் இமாம்கள் அவற்றோடு சேர்த்தனர். போட்டியாளர் அல்லாத மூன்றாமவர் தம் பொருளிலிருந்து பரிசளிப்பதையும் அனுமதித்தனர். சைக்கிளோ எனில், 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படையினர் சைக்கிள் ஏறியே தெற்கு நோக்கி விரைந்தனர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. சபர் சென்றிருந்த நம் முன்னோர் பலர் அதனைக் கண்ணால் கண்டு வந்து சொன்னவர்கள். அப்படியானால் சைக்கிள் குதிரையின் வரிசையில் சேருமா? ஒரு நிறுவனம் தன் பெயர் விளங்கும் பொருட்டு அளிக்கும் பரிசு மூன்றாமவர் பரிசின் சட்டத்தில் அடங்குமா? அடங்குமாயின் ஸைமரீ கூறிய காரணம் இன்றைய பெண்களுக்கு எந்த அளவு பொருந்தும்? உலமாப் பெருமக்கள் இவ்விதழிலேயே விளக்கி எழுதுவார்களாக. இவ்வாண்டு 'மின்ஹாஜ்' வகுப்பில் அப்பாடத்தை அடையும்போது மாணவர்கள் முன் அவ்விளக்கங்களை வைக்க விரும்புகிறோம்.