பங்கும் பங்காளியும்

பங்காளி என்னும் சொல்லுக்கு எங்கள் தஞ்சைத் தரணியில் இரு பொருள் உண்டு. ஒரே குலத்தில் பிறந்து சொத்தில் பங்குடையவர் ஒருவர். முதல் போட்டு உடன் தொழில் செய்பவர் மற்றவர். இரண்டும் ஒன்றல்ல என்பதைத் தந்தையார் மறைந்த பின்னரே நாங்கள் கற்றோம்.

பாபநாசம் வட்டத்தில் ஓர் அரிசி ஆலை. மூவர் கூட்டு. 2023ஆம் ஆண்டு கார்த்திகையில், சம்பா பொதி கட்டும் பருவத்தில் அவர் காலமானார். தம் பங்கு தாயாரைச் சேர வேண்டுமென்று, தங்கையை நிறைவேற்றுநராக நியமித்துத் தஞ்சையில் உயில் எழுதியிருந்தார். காரியங்கள் முடிந்ததும் ஆலைக்குச் சென்றோம். "கோர்ட்ல புரொபேட் வாங்கிட்டு வாங்க தம்பி, கணக்கை முடிச்சிடலாம்" என்றார் மூத்த கூட்டாளி.

சென்னை நகரில் எழுதப்பட்ட உயிலுக்கும், அங்குள்ள அசையாச் சொத்து பற்றிய உயிலுக்குமே அப்போது அது கட்டாயம். 2025இல் அக்கட்டாயமும் நீங்கியது. எங்களுக்குத் தேவையில்லை என்றார் வழக்கறிஞர். ஆயினும் மனத்தாங்கல் வேண்டாமென்று மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்தோம். சாட்சிகள் இருவரில் ஒருவர் இறந்திருந்தார். மற்றவர் கைத்தடியுடன் வந்து கையொப்பத்தை அடையாளம் காட்டினார். ஓராண்டுக்கு மேலாயிற்று.

காத்திருந்த நாட்களில் காமாட்சி பாயை நினைத்துக்கொள்வோம். 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறைய, கம்பெனியார் அரசோடு அவருடைய சொந்த உடைமைகளையும் கைப்பற்றினர். அரசியார் வழக்காடிச் சென்னையில் வென்றார். 1859இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். அவருக்கு எதிரே நின்றவர்கள் அந்நியர். எங்களுக்கு எதிரே நின்றவர்களோ எங்களைத் தோளில் சுமந்து தேர் காட்டியவர்கள். அதுவே கடினமாயிருந்தது.

ஆணை கிடைத்ததும் தாயார் பணம் கேட்கவில்லை. "அவரு இடத்துல எம் பேரைப் போடுங்க" என்றார். அங்கே சட்டம் குறுக்கே நின்றது. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறாகச் சொல்லாவிடில் கூட்டாளி ஒருவரின் மரணத்தோடு கூட்டே கலைகிறது. உயிலால் வருவது பங்கின் மதிப்பு. கூட்டாளி என்னும் இடம் வருவதில்லை. மற்றவர்கள் இசைந்தாலன்றிப் புதியவர் நுழைய இயலாது. எங்கள் ஒப்பந்தத்தில் இதுபற்றி ஒரு வரியும் இல்லை. நாற்பதாண்டு நட்பில் மூவரும் மரணத்தை எழுத மறந்திருந்தனர்.

அதே சட்டத்தின் 37ஆம் பிரிவு ஓர் ஆறுதல் தந்தது. கணக்கு முடிக்காமல் தொழிலைத் தொடர்ந்தால், இறந்தவரின் முதலால் விளைந்த லாபத்தையோ ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியையோ அவர் தரப்பினர் கேட்கலாம். "லாபத்தைக் கேட்டா வழக்கு வளரும் அண்ணா" என்றாள் தங்கை. தாயார் வட்டியைத் தேர்ந்தார்.

கணக்கு முடிந்த நாளில் மூத்தவர் பேரேட்டைத் திறந்தார். தந்தையார் பெயரைக் கோடிடப் போன கை நின்றது. "அடிச்சிடுங்கண்ணே, நேரமாவுது" என்றார் தாயார்.

கூட்டாகத் தொழில் செய்யும் நண்பர்கள், உயில் எழுதுமுன் தங்கள் கூட்டு ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படிக்கவும்.