அம்பாசிடருக்கு ஒரு மூச்சுப் பம்ப்

முன்னெச்சரிக்கை: இது முழுக்க முழுக்க எஞ்சின் ஆயில் சமாச்சாரம். சினிமா, அரசியல் தேடி வந்த மக்கள்ஸ் இப்பவே ஜூட் விட்டுக்கலாம் :-)

எங்கப்பாகிட்ட 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4 ஒண்ணு இருக்குது. பெட்ரோல், 1489 சிசி. உத்தரபாராவுல 2014லயே அம்பாசிடர் தயாரிக்கறத நிறுத்திட்டாங்க. ஆனா சிங்காநல்லூர்ல எங்க மேஸ்திரிக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரலை. அவரு பட்டறையில எப்பவும் ரெண்டு நிக்கும்.

நம்ம வண்டிக்கு வந்த சீக்கு, கிளட்ச் வழுக்கறது. போன வருஷம் வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆழியார் தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு இருக்குதில்லீங்களா, அதுல பாதி கூட ஏறலை. எஞ்சின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. திருப்பிட்டு வந்துட்டோம். புது கிளட்ச் பிளேட் போட்டும் மூணே மாசத்துல அதே கதை. கழட்டிப் பாத்தா பிளேட் ஆயில்ல குளிச்சிருக்கு.

இதுல ஒரு சுவாரஸ்யம். அம்பாசிடரோட அந்த எஞ்சின் இங்கிலாந்து பிஎம்சி கம்பெனியோட பழைய டிசைன். கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது! ஷாஃப்ட்டுல மறை மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருப்பாங்க. ஷாஃப்ட் சுத்தறப்ப அந்த மறை ஆயிலை உள்பக்கமாவே தள்ளிக்கிட்டு இருக்கும். கிராங்க் கேஸுக்குள்ள அழுத்தம் இல்லாத வரைக்கும் இது நல்லாவே வேலை செய்யும். பிஸ்டன் ரிங் தேஞ்சு, எரிஞ்ச வாயு கீழ இறங்க ஆரம்பிச்சா போச்சு. உள்ள இருக்கற அழுத்தம் ஆயிலை அந்த மறை வழியாவே வெளிய தள்ளி, நேரா கிளட்ச்சுக்கு அபிஷேகம் பண்ணிடும். நம்மூரு மெக்கானிக் பாஷையில இதுக்குப் பேரு பேக் கம்ப்ரெஷன்.

"ரெத்தக் கொதிப்புங் தம்பி"ன்னாரு மேஸ்திரி. "ஏற்கெனவே அறுபது வரைக்கும் ரீபோர் பண்ணியாச்சுங். இனி லைனர்தான் போடோணும். ஒண்ணரை மாசம் ஆகும்."

அப்பா ஒத்துக்கலை. வால்பாறையில அவரோட எஸ்டேட் ஆபீஸ்ல ஒண்ணா வேலை பாத்த சிநேகிதருக்கு உடம்பு சரியில்லை. டாக்டருங்க பெருசா நம்பிக்கை குடுக்கலை. பஸ்ல போயிடலாம்ப்பான்னு சொன்னேன். "அவன் ஓட்டிப் பழகினதே இந்த வண்டியிலதான் கண்ணு. வாசல்ல இந்த ஆரன் சத்தத்த அவன் கேக்கோணும்"னாரு. அதுக்கு மேல என்னத்தப் பேசறது?

அப்பத்தான் டெட்ராய்ட்ல இருக்கற மச்சான் ஒரு யோசனை சொன்னாப்ல. அமெரிக்காவுல 1966 மாடல்ல இருந்து, முதல்ல கலிஃபோர்னியாவுல, புகையக் குறைக்கறதுக்காக கார்ல ஒரு காத்துப் பம்ப் வெச்சாங்க. பெல்ட்ல சுத்தும். உள்ள தகடுங்க வெச்ச ரோட்டார். வெளிக்காத்தை இழுத்து, சூடா வெளிய வர்ற புகைக்குள்ள ஊதும். எரியாம மிச்சம் வந்த பெட்ரோல் ஆவி அங்கயே எரிஞ்சிரும். பந்தயக்காரங்க இதைக் கழட்டிப் போடறதுக்குப் பதிலா திருப்பிப் போட்டாங்க. பம்ப் இழுக்கற வாயை எஞ்சினோட டாப்பெட் கவர்ல மாட்டிட்டா, அது கிராங்க் கேஸையே உறிஞ்சும். உள்ள அழுத்தத்துக்குப் பதிலா வெற்றிடம், அதான் நம்ம வேக்கம். ரிங் நல்லா ஒக்காரும், ஆயில் ஒழுகாது. அரசாங்கம் திணிச்ச சாமானை வெச்சே குதிரைத் திறன் ஏத்திட்டாங்க பாவிங்க!

நம்ம நாட்டுக் கார்கள்ல இந்தப் பம்ப்பைப் பாத்திருக்க மாட்டீங்க. இங்க பைக்குங்களுக்குத்தான் அந்த வேலைக்கு சின்னதா ஒரு வால்வு வந்துச்சு. அது புகையோட துடிப்புலயே காத்தை இழுத்துக்கும், பம்ப் தேவையில்லை. அதனால மச்சான் ஊருக்கு வர்றப்ப பழைய பம்ப் ஒண்ணைத் துணிக்கு நடுவுல சுத்தி எடுத்துட்டு வந்தாப்ல.

மேஸ்திரி லேசுல மசியலை. "டீசல் வண்டியில ஆல்டர்நேட்டருக்குப் பின்னாடி வேக்கம் பம்ப் இருக்குதுங்களே, அதைப் போட்டா ஆகாதா?" நியாயமான கேள்வி. அது பிரேக்குக்காக இருக்கறது. ஆழமா உறிஞ்சும், ஆனா கொஞ்சூண்டு காத்துதான் இழுக்கும். நமக்கு அத்தனை ஆழம் வேண்டாம், நிறையக் காத்து போகோணும். அப்ப கார்புரேட்டருக்குக் கீழ இருக்கற வேக்கத்துலயே டியூப் மாட்டிட்டா? மலையேறறப்ப ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சா அங்க வேக்கமே இருக்காது. பேக் கம்ப்ரெஷன் அதிகமா அடிக்கறதும் அதே நேரத்துலதான்.

இதையெல்லாம் கேட்டுட்டு இருந்த அப்பா, "நம்ம கெணத்து ஆயில் எஞ்சின்ல இதுக்கு ஒரு மூச்சு வால்வு இருந்துச்சே"ன்னாரு. அட, ஆமா! பைக்காரா மின்சாரம் 1932லயே வந்து கோயமுத்தூர் மில்லுங்களை ஓட்டுச்சு. எங்க தோட்டத்துக்குக் கரண்ட் வர அதுக்கப்புறம் பல வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் லிஸ்டர் மாதிரி ஒத்தை சிலிண்டர் எஞ்சின்தான் தண்ணி எறைச்சது. அதோட கிராங்க் கேஸ் கதவுல காசு சைஸ்ல ஒரு தகடு இருக்கும். பிஸ்டன் கீழ வந்தா தகடு திறந்து காத்து வெளிய போகும். மேல போனா மூடிக்கும். உள்ள எப்பவும் லேசான வேக்கம். அந்தத் தகடு ஒட்டிக்கிட்டா ஷாஃப்ட் வழியா ஆயில் ஒழுகும்னு தாத்தா தெனமும் அதைத் தொட்டுப் பாப்பாராம். பழைய புல்லட்டுலயும் இதே வேலைக்கு வாத்து மூக்கு மாதிரி ரப்பர் வால்வு உண்டு.

நாலு சிலிண்டர்ல இந்த வித்தை பலிக்காது. ரெண்டு பிஸ்டன் மேல போனா ரெண்டு கீழ வரும், உள்ள இருக்கற இடம் ஏறக்குறைய மாறவே மாறாது. அதனாலதான் பம்ப்.

கணபதியில ஒரு லேத்துல பிராக்கெட்டும், கிராங்க் புல்லியோட முகத்துல இன்னொரு புல்லியும் அடிச்சோம். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதி பந்தயக் கார் கட்டின ஊருங்க இது. லேத்துக்காரர் "எதுக்கு?"ன்னு கூடக் கேக்கலை, "எத்தனை எம்எம்?"னு மட்டும் கேட்டாரு.

ரெண்டு விஷயத்துல கவனமா இருந்தோம். ஒண்ணு, வேக்கத்தோட அளவு. சேம்பர்ல இருந்து சிதறுற ஆயில்தான் பிஸ்டன் பின்னுக்கும் சிலிண்டருக்கும் போகுது. ரொம்ப உறிஞ்சினா அது குறைஞ்சு பின் பிடிச்சுக்கும். பந்தயக்காரங்க 10 இன்ச்சுக்கு மேலயும் போவாங்க. நமக்கு அது வேண்டாம், வெளிக்காத்தை விடக் கொஞ்சம் கம்மியா இருந்தாப் போதும். அதிகமா இழுத்தா அந்த மறை வழியா கிளட்ச் தூசியும் உள்ள வந்துரும். அதனால 4 இன்ச்சுல திறக்கற மாதிரி ஒரு ஸ்பிரிங் வால்வு வெச்சோம். ரெண்டாவது, இந்தப் பம்ப் சுத்தமான காத்துக்குப் பண்ணினது. ஆயில் ஆவி பட்டா பேரிங் கிரீஸ் கரைஞ்சிரும். நடுவுல ஒரு எவர்சில்வர் சம்படம், உள்ள பாத்திரம் தேய்க்கற கம்பி நார். ஆவி அதுல பட்டு ஆயில் கீழ வடிஞ்சிரும். (வீட்டம்மா இன்னும் அந்த சம்படத்தைத் தேடிட்டு இருக்காங்க. யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க.)

பம்ப்போட வெளி வாயை ரோட்டைப் பாத்து விட்டுடலாம்னாரு மேஸ்திரி. பந்தயத்துல அப்படித்தான். "அந்தப் புகை யாரு மூஞ்சிக்குப் போகும்?"னு அப்பா கேட்டாரு. அதனால அதைத் திரும்ப ஏர் கிளீனருக்கே கொண்டு போனோம், எஞ்சினே எரிச்சுக்கட்டும்னு. புகையக் குறைக்கப் பொறந்த பம்ப்பு, அதை வெச்சு ஊருக்குப் புகை விடறது எனக்கும் பிடிக்கலை.

மலைக்குக் கிளம்பினோம். மீட்டரை டேஷ்போர்டுல டேப் போட்டு ஒட்டியிருந்தேன். ஏத்தத்துல ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல முள்ளு ஆடுச்சு. போன தடவை நின்ன வளைவைத் தாண்டினப்ப அப்பா ஒண்ணும் பேசலை, ரெண்டாவது கியர்லயே புடிச்சுட்டுப் போனாரு. கிளட்ச் வழுக்கவே இல்லை.

வாசல்ல ஆரன் அடிச்சாரு, மூணு தடவை. உள்ள இருந்து "ஏண்டா, இன்னும் அதே டப்பாவா?"ன்னு கேட்டுச்சு. எந்திரிச்சு வர முடியலை, ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பச் சொல்லி வண்டியப் பாத்தாரு. சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் பேசிட்டு இருந்தாங்க. நான் வெளிய ஒக்காந்து சம்படத்தைத் திறந்து வடிச்சேன். அரை டம்ளர் இருந்துச்சு, தண்ணி கலந்து மோர் மாதிரி.

ரெண்டு மாசத்துல அவரு போயிட்டாரு. அப்பா அதுக்கும் அதே வண்டியிலதான் போனாரு.

பம்ப் ஏழு மாசம் ஓடுச்சு. அப்புறம் பேரிங் சத்தம் போட ஆரம்பிச்சது, கழட்டினா ஒரு தகடு விரிசல் விட்டிருக்கு. அப்பாவே "லைனர் போட்றலாம்"னுட்டாரு. பிளாக் இப்ப மெஷின் ஷாப்புல இருக்கு. நேத்து மேஸ்திரி போன் பண்ணினாரு. "தம்பி, உங்க மச்சான் அடுத்த தடவை வாறப்ப அந்தத் தகடு மட்டும் ஒரு செட்டுக் கொண்டாரச் சொல்லுங். இங்க இன்னொரு அம்பாசிடரு நிக்குதுங்."