ஜில்லுனு ஒரு ஆபத்து!

எங்க மேற்கு மாம்பலம் கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளை, பொண்ணு காலடியில புகை விடுவாங்களே... அதே டிரை ஐஸ்தான்! இன்டெர்ன்ஷிப் போன ஃபேக்டரியில அதை அரிசி சைஸுக்கு ஆக்கி, கம்ப்ரஸர் காற்றில் பீய்ச்சி மோல்டுகளைச் சுத்தம் பண்ணினாங்க. மைனஸ் 78 டிகிரி! தடிமனான கிளவுஸ், கண்ணாடி, காது மூடியெல்லாம் மாட்டியதும் எனக்கு ஹீரோ நினைப்பு. பக்கத்து செக்‌ஷனுக்குச் சத்தம் கேட்குமேனு ஷட்டரை இறக்கப் போனேன்.

''தம்பி, தொடாதே!'' - ஆபரேட்டர் அண்ணன் ஓடி வந்தார்.

ஒரு கிலோ டிரை ஐஸ் ஆவியானா, 500 லிட்டருக்கு மேல கார்பன் டை ஆக்ஸைடு. காற்றைவிட கனம். தரையோடு தேங்கி மூச்சை அடைச்சிடும். நாம பார்க்கிற வெள்ளைப் புகை வெறும் நீர்த்துளிதான். ஆபத்து கண்ணுக்கே தெரியாது.

''கிளவுஸ் கையைத்தான் காப்பாத்தும். உசுரைக் காப்பாத்துறது திறந்த கதவுதான்''னார்.

இப்பல்லாம் சுவிட்சைத் தேடுறதுக்கு முன்னால, கதவைத்தான் பார்க்கிறேன் பாஸ்!