அறிவொளி நகரின் குறடு

நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்த சட்டம் 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. மத்திய அரசு அமைத்த லோகூர் குழு இதை 1965-லேயே பரிந்துரைத்தது. நிறைவேற 57 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. செய்தியைப் படித்துவிட்டு, கீரமங்கலத்தில் ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் பேசினேன். "எங்க ஊர் அறிவொளி நகருக்கு வாங்க சார், நேர்லயே பாக்கலாம்" என்றார்.

கீரமங்கலம் என்றதும் பலருக்குப் பூச்சந்தைதான் நினைவுக்கு வரும். மல்லிகையும் கனகாம்பரமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் ஊர். அந்த ஊரின் இன்னொரு மாலைத் தொழில் நரிக்குறவர்கள் வாழும் அறிவொளி நகர் வாசல்களில் நடக்கிறது.

வேப்பமர நிழலில் ஒரு மூதாட்டி மணி கோத்துக்கொண்டிருந்தார். கையில் மூக்குக் குறடு. பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. கம்பியை நறுக்கி, மணியை நுழைத்து, முனையை வளைத்துக் கண்ணியாக்கி, அடுத்த கண்ணியில் மாட்டுகிறார். பார்வை எங்களிடம் இருந்தது. வேலை முழுவதையும் விரல்களே பார்த்துக்கொண்டன. நான் ஒரு கண்ணி வளைத்துப் பார்த்தேன். வாய் சரியாக மூடவில்லை. "இடுக்கு இருந்தா மால அறுந்துடும் சாமி" என்று அதைப் பிரித்து மறுபடி முறுக்கினார்.

அவர் மாமனார் காலத்தில் வீட்டில் துப்பாக்கி இருந்தது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமாயிற்று. காட்டை மூடிய அரசு மாற்றுத் தொழில் எதையும் கையில் கொடுக்கவில்லை. மிஞ்சியது குறடு. ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறும் முன்பே மாலை விற்கக் குடும்பத்தோடு கிளம்புவார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களுக்கு ருத்திராட்சமும் துளசிமணியும். பிள்ளைகளின் படிப்பு இந்தப் பயணங்களில்தான் அறுந்துபோகிறது.

கண்ணாடி மணி ஃபிரோசாபாத், வாரணாசிப் பக்கமிருந்து வருகிறது. இவர்கள் மடிக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை கைகள்! ரொக்கம் இல்லாதவருக்கு மொத்தக் கடையில் தனி விலை. முதலுக்குத் தண்டல்காரர், வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கையில் தருவார். இத்தனை பேருக்கும் லாபம் நிச்சயம். மாலையைக் கட்டியவருக்கு மட்டும் நிச்சயமில்லை. கண்ணாடிக் கதவு போட்ட கடையில் சொன்ன விலையைக் கொடுக்கும் நாம், தரையில் விரித்திருப்பவரிடம் பாதிக்குக் கேட்கிறோம். அந்தப் பாதியில் போவது வட்டியோ மணியின் விலையோ அல்ல, அவருடைய கூலி. இது அநியாயம். கைத்தொழில் செய்பவருக்கு உரிய அடையாள அட்டையும் குறைந்த வட்டிக் கடனும் இவர்களுக்கு வீடு தேடி வரவேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினர் 7,94,697 பேர்; நூற்றுக்கு ஒருவர். அதில் இவர்கள் இல்லை. அன்று இவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். அடுத்த கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில். அது மாசித் திருவிழாக் காலம். பக்கத்துக் குளமங்கலம் அய்யனார் கோயில் குதிரைக்குக் காகிதமாலைகள் குவியும் மாசிமகமும் அப்போதுதான். பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். கணக்கெடுக்கப் போகும் ஆசிரியர்களே, பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். திருவிழாத் திடல்களிலும் தேடுங்கள். ஒருவர் விடாமல் பழங்குடியினர் என்றே எழுதுங்கள்.