மீசைக்காரர்கள் துப்புரவுக்கு வந்தவர்கள் அல்ல

எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளத்தில், சுமார் 100 லிட்டர் பிடிக்கும் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. மேல்மட்டத்தில் கப்பியும் பிளாட்டியும், நடுவில் வரிபோட்ட ஜீப்ரா மீன்கள், தரையில் ஆறு கோரிடோரஸ். பார்க்க வருகிறவர்கள் மேலே இருப்பதை ரசித்துவிட்டு, கீழே மணலைக் கிளறிக்கொண்டிருக்கும் மீசைக்காரர்களைக் காட்டி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இன்னா சார், இதுதான் தொட்டி கூட்ற மீனா?"

கடைகளிலும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். "ரெண்டு போடுங்க சார், அழுக்கெல்லாம் தின்னுடும், தனியா தீனி வேணாம்" என்று எனக்கும் ஒரு கடையில் சொன்னார்கள். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் என்று ஒரு பிரிவு உண்டல்லவா, அந்தப் பதவியைத் தொட்டியில் இந்த மீனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாற்காலிக்காரர்கள் போட்ட குப்பையை அவர் எடுக்க வேண்டும், மிச்சத்தைச் சாப்பிட வேண்டும். இது இரண்டு பேருக்குமே அநியாயம்.

கோரிடோரஸ் நம் கெளுத்திக்குத் தூரத்து உறவு. சொந்த ஊர் தென்னமெரிக்கா. இரண்டரை அங்குலத்துக்கு மேல் பெரும்பாலும் வளராது. செதில் கிடையாது. அதற்குப் பதிலாக உடம்பின் இரு பக்கமும் ஓடு வேய்ந்தது போல இரண்டு வரிசை எலும்புத் தகடுகள். 1803இல் இதற்குப் பெயர் வைத்தவர் லாசெபேத் என்ற பிரெஞ்சுக்காரர். கிரேக்கத்தில் தலைக்கவசம், தோல் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மத்திய அரசு வேலைக்கு வந்து வேலூரில் கோப்பு தூக்கிய காலம் முழுவதும் அந்தப் படிப்பால் காலணா பிரயோஜனம் இல்லை. இப்போதுதான் பிரெஞ்சு மீன் புத்தகங்களைப் படிக்க உதவுகிறது. பிரெஞ்சில் கெளுத்தி இனத்துக்கு 'புவாசோன் ஷா', அதாவது பூனை மீன் என்று பெயர். தொட்டியில் இந்த மீனை முதன்முதலில் குஞ்சு பொரிக்க வைத்ததும் பாரிஸில்தான். 1878இல் கார்போனியே என்பவர் செய்தார். அவர் வளர்த்த புள்ளிபோட்ட இனத்தின் மாதிரிகளை அதற்கு முன்பே பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் சேகரித்திருக்கிறார்.

2024இல் விஞ்ஞானிகள் இந்தக் குடும்பத்தைப் பிரித்துப் பல இனங்களுக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள். என் தொட்டியில் இருக்கும் வெண்கல நிற மீனுக்கும் இலாகா மாற்றம் ஆகிவிட்டது. கடைக்காரரைக் கேட்டால் இன்னும் 'கோரி' என்றுதான் சொல்கிறார்.

இவை அழுக்கைத் தின்பதில்லை. மணலை வாயில் அள்ளி, அதிலிருக்கும் புழு பூச்சியையும் தீனித் துணுக்கையும் எடுத்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியாக வெளியே விடுகின்றன. மற்ற மீன்களின் கழிவு இவற்றுக்கு உணவல்ல. மேலிருந்து விழும் மிச்சத்தை நம்பினால் பாதிப் பட்டினிதான். கப்பிகள் ஒரு துணுக்கைக்கூடக் கீழே விடாது. அதனால் இரவு விளக்கை அணைத்த பிறகு, மூழ்கும் மாத்திரைத் தீனியைத் தனியாகப் போடுகிறேன்.

அழுக்கு அவற்றை என்ன செய்யும் என்பதற்கு மீசையைப் பார்த்தால் போதும். நான் வாங்கிவந்த ஆறில் இரண்டுக்கு மீசை வெறும் மொட்டாக இருந்தது. கூர்மையான சரளைக்கல்லும், அடியில் தேங்கி அழுகிய கழிவும் சேர்ந்தால் மீசை தேய்ந்து, கிருமி பிடித்து, அடியோடு போய்விடும். மீசைதான் அதற்குக் கையும் நாக்கும். மேலே நீந்தும் மீன் பளபளவென்று இருக்கும்போதே தரையில் இருப்பது நோயில் விழுந்துவிடும். மெல்லிய ஆற்றுமணல் பரப்பி, வாராவாரம் அடியை உறிஞ்சி எடுத்து வந்ததில், சில மாதங்களில் அந்த இரண்டுக்கும் ஓரளவு மீசை வளர்ந்தது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் நம்மில் பலருக்குச் சோறு போட்டது. என் தெருவிலேயே ஷூ கம்பெனிச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் உண்டு. அதே தோலின் கழிவு போய்ச் சேர்ந்த இடம் பாலாறும், அதை நம்பியிருந்த கிணறுகளும். 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் நம் வேலூர் வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்னது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 28 வருடம். யார் மேலேயிருந்து கொட்டினாலும் முதலில் அனுபவிப்பது அடியில் இருப்பவர்தான். பாலாற்று மடுவிலும் ஏரியிலும் கெளுத்தி பிடித்த கதையை இங்கே பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கதையாகத்தான் கேட்டிருக்கிறேன்.

"அப்படியானால் நம்ம கெளுத்தியையே தொட்டியில் விடலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். விடலாம், ஆனால் சின்ன மீன்களோடு கூடாது. கெளுத்தி இரவில் வேட்டையாடும். வாய்க்கு அடங்குகிற மீனெல்லாம் காலையில் கணக்கில் குறையும். கோரிடோரஸ் யாரையும் தொந்தரவு செய்யாது. ஆனால் ஆறாவது சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் விட்டால் மூலையில் ஒண்டிக்கொள்ளும்.

வளர்க்க நினைக்கும் என் வயதுக்காரர்களுக்குச் சில குறிப்புகள்.

தண்ணீர்: நம் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. நான் அதில் பாதிக்குப் பாதி வடிகட்டிய தண்ணீர் கலக்கிறேன். காவிரிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். புதுத் தொட்டியானால் நல்ல கிருமிகள் உருவாக நாலு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். பெரிய வாளியைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஐந்து லிட்டர் குடத்தில் ஐந்து நடை நடந்தால் வேலை முடிந்தது.

வெயில்: டார்வின் சேகரித்த புள்ளி இனம் குளிர்ச்சி விரும்பி. வேலூர் மே மாதத்துக்கு அது வேண்டாம். வெண்கல நிறமும், ஸ்டெர்பை என்ற வெள்ளைப் புள்ளி இனமும் கொஞ்சம் தாங்கும். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும்.

மூச்சு: இவை அவ்வப்போது விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிப் போகும். குடல் வழியாகவும் மூச்சு விடும் பிராணி, பயப்பட வேண்டாம். ஓயாமல் மேலே வந்தால்தான் தண்ணீரில் குறை என்று அர்த்தம்.

பிடிப்பது: துடுப்பில் முள் உண்டு. வலையில் சிக்கினால் மீனுக்கும் நமக்கும் கஷ்டம். கிண்ணத்தில் ஏந்தி எடுங்கள்.

இன்னொன்று. தொட்டி சுத்தம் செய்யும் என்று 'சக்கர்' என்ற கறுத்த மீனையும் விற்கிறார்கள். விரல் நீளத்தில் வாங்குவது ஒரு அடிக்கு மேல் வளரும். அப்போது பிள்ளைகள் பாவம் பார்த்து அதை ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் அது இப்போது பெருகிக் கிடக்கிறது. கரையைக் குடைகிறது, மீனவர் வலையைக் கிழிக்கிறது. வேண்டாம் என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள், ஏரியில் மட்டும் விடாதீர்கள். நம் நீர்நிலைகள் பட்டது போதும்.

நன்றாகக் கவனித்தால் கோரிடோரஸ் பத்து வருடத்துக்கு மேலும் வாழும். எனக்கு வயது 74. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதிர்வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் தினமும் சாயங்காலம் வந்து பார்க்கிறாள். "தாத்தா, அது கண்ணடிக்குது!" என்பாள். உண்மைதான், அது கண்ணைக் கீழே உருட்டும்போது கண்ணடிப்பது போலவே இருக்கும். அவளுக்காக ஒரு நோட்டில், அலுவலகத்தில் பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவோமே, அதைப் போல எழுதி வைத்திருக்கிறேன். தீனி நேரம், தண்ணீர்க் கலவை, மின்விசிறி போடும் மாதங்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. முதல் வரி மட்டும் சிவப்பு மையில்: தரையைச் சுத்தம் செய்வது நம் வேலை, மீனின் வேலை அல்ல.